நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து உண்மையில் என்ன கற்றீர்கள்?

பொருநை:

வணக்கம். திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரலாமா என்று முதலாமாண்டுப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், பாடத்துக்கு வெளியேயான பணிகளுக்கென்று பாடத்திட்டத்தில் உள்ள பகுதி ஐந்துக்கான மதிப்பெண் கிடைக்கும், முகாமுக்குப் போனால் சான்றிதழ் கிடைக்கும் என்ற வழக்கமான பதிலைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் நானும் அதற்காகத்தான் சேர்ந்தேன். தேசிய மாணவர் படையில் வெயிலில் நிற்க அஞ்சியவர்களும் விளையாட்டில் நாட்டமில்லாதவர்களும் என்.எஸ்.எஸ். பக்கம் ஒதுங்குவது எங்கள் கல்லூரி வழக்கம்.

முதலாண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வளாகத்தைக் கூட்டினோம், மரக்கன்று நட்டோம், ஏதேதோ விழிப்புணர்வுப் பேரணிகளில் நடந்தோம். நான் தூக்கிப் பிடித்த பதாகையில் என்ன எழுதியிருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாமாண்டில் பெண்கள் விடுதியில் வாக்காளர் பதிவு செய்யும் பொறுப்பு எனக்கும் இன்னும் சிலருக்கும் வந்தது. பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் மாடிப்படி ஏறினோம். முதல் அறையிலேயே நின்றுவிட்டோம். "சொந்த ஊரில் பதிய வேண்டுமா, விடுதி முகவரியில் பதிய வேண்டுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம், விடுதி முகவரி என்றால் படிப்புச் சான்றிதழைக் கல்லூரி முதல்வரிடம் வாங்கி இணைக்க வேண்டும், ஆனால் இரண்டு இடங்களிலும் பெயர் இருக்கக் கூடாது என்பவை தெரிந்தன. பதினெட்டு வயது முடிவதைக் கணக்கிட முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாளாக இருந்தது என்பதும், 2022 முதல் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் சேர்ந்து நான்கு நாட்களாகிவிட்டன என்பதும் அப்போது அறிந்தவையே. பதினேழு வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்பது விடுதியில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தி.

அந்த மாணவி விதியைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு என்னைத் தனியாக அழைத்து, "ஊரில் ஓட்டு இருந்தால் யாருக்குப் போட வேண்டும் என்று தாத்தா காலையிலேயே சொல்லிவிடுவார் அக்கா, இங்கே பதிந்தால் நானே முடிவு செய்யலாம் இல்லையா?" என்றாள். வாக்கு எங்கே இருந்தாலும் ரகசியம்தான், திரைக்குப் பின்னால் நீ மட்டும்தான் இருப்பாய் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் தோன்றவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றவள் ஒரு வாரம் கழித்து ஊர் முகவரியை எழுதியே படிவத்தைக் கொடுத்தாள். தாத்தாவிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னாள். பேசினாளா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எதையும் படிக்காமல் பேசுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதை எனக்குக் கொடுத்தது திட்டமா, அல்லது தற்செயலாக வாய்த்த ஓர் அறையும் ஒரு கேள்வியுமா? உங்கள் அனுபவங்களை அறிய விரும்புகிறேன்.

கூர்நோக்கு:

தற்செயல்தான். திட்டத்துக்கு அந்தப் பெருமையைக் கொடுக்காதீர்கள்.

நான் பொறியியல் கல்லூரியில் இரண்டு ஆண்டு என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தவன். ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு என்று விதி சொல்கிறது. எங்கள் பதிவேட்டிலும் 240 மணி நேரம் இருந்தது. அதில் எத்தனை மணி நேரம் விருந்தினருக்காகக் காத்திருந்தோம், எத்தனை மணி நேரம் நாற்காலி அடுக்கினோம் என்று தனியாகப் பிரித்து எழுதும் கட்டம் அதில் இல்லை. கல்லூரி விழாக்களுக்குக் கூலியில்லாத ஆள் வேண்டுமென்றால் எங்களைக் கூப்பிடுவார்கள். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டிச் சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலை நடந்தபோது எங்களையும் ஒரு கண்மாய்க்கு அழைத்துப் போனார்கள். படம் எடுத்து முடிந்ததும் அரிவாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மிச்சத்தை இயந்திரம் வெட்டியிருக்கும் என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். குடிமைப் பண்பை வளர்க்கும் திட்டம் என்கிறோம், அதே கல்லூரியில் மாணவர் பேரவைக்குத் தேர்தல் உண்டா? முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேட்பாளருக்கு வயது வரம்பு, 75 விழுக்காடு வருகைப்பதிவு, அதிகபட்சச் செலவு 5,000 ரூபாய் என்று நுணுக்கமாக எல்லாம் வகுத்துக் கொடுத்தார்கள். அதன் பிறகும் மாணவர் பிரதிநிதியைத் துறைத்தலைவரே நியமிக்கும் கல்லூரிகள் நம்மிடையே ஏராளம். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கச் சொல்லி மாணவரைப் பேரணி அனுப்பும் நிர்வாகம், வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுக்க அதே மாணவரை விடுவதில்லை. இந்த முரணைப் பற்றிப் பேசாமல் ஆளுமை வளர்ச்சி என்று பேசுவது எனக்கு ஒட்டவில்லை.

முன்னாள் திட்ட அலுவலர்:

கூர்நோக்கு சொல்வதில் பெரும்பகுதியை நான் மறுக்கப் போவதில்லை. அந்தப் பதிவேடுகளில் கையெழுத்திட்ட கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஆனால் திட்டம் எப்படி உருவானது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது, ஏனென்றால் நீங்கள் குறிப்பிடும் சிக்கல் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

விடுதலைக்குப் பின் மாணவர்களை நாட்டுப் பணியில் ஈடுபடுத்த வேண்டும் என்ற யோசனை வந்தபோது, 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு அதைக் கட்டாயமாக்கலாம் என்றது. பிற நாடுகளின் நடைமுறைகளை ஆராய்ந்த கே.ஜி. சையதைன் விருப்பத்தின் பேரில்தான் இருக்க வேண்டும் என்றார். பத்தாண்டு விவாதத்துக்குப் பிறகு காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது சேர்ந்தவர்கள் சுமார் 40,000 மாணவர்கள். கொள்கையில் சையதைன் வென்றார் என்று சொல்லலாம். ஆனால் பகுதி ஐந்தில் ஏதாவது ஒன்றில் சேர்ந்தே தீர வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்லும்போது, நடைமுறையில் பின்வாசல் வழியாகக் கட்டாயம் வந்துவிடுகிறது. நூறு பேர் கொண்ட ஓர் அணியை, முழு நேரப் பாடவேளையும் எடுத்துக்கொண்டு, ஓர் ஆசிரியர் கவனிக்கிறார். அவருக்கு எளிதானது பேரணி. ஒரு மணி நேரத்தில் முடியும், நூறு பேருக்கும் வருகைப்பதிவு கொடுக்கலாம், செய்தித்தாளில் படமும் வரும்.

எனக்குத் தெரிந்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமை ஆண்டுக்கு ஓர் ஊரில் நடத்துவதால் யாருக்கும் எதுவும் நேர்வதில்லை. நான் பொறுப்பேற்ற பிறகு இரண்டாவது முகாமை முந்தைய ஆண்டு போன அதே ஊரில் வைத்தோம். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போன மாணவர்களிடம் ஓர் ஆச்சி, "போன வருசமும் இதே கேள்வியத்தான கேட்டிய, அது என்னாச்சு?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வித்தாள்கள் என் மேசையின் கீழ் இழுப்பறையில்தான் இருந்தன. அன்று இரவே ஒருவரை அனுப்பிக் கல்லூரியிலிருந்து எடுத்து வரச் செய்து, மறுநாள் மாலை சமுதாயக் கூடத்தில் ஊரார் முன்னிலையில், எத்தனை வீட்டில் கழிப்பறை இல்லை, எத்தனை முதியவர்களுக்கு உதவித்தொகை வரவில்லை என்று மாணவர்களே படித்தார்கள். அதன் பிறகு கணக்கெடுப்புக்குப் போன இடமெல்லாம் மக்கள் பேசிய விதமே வேறு.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு கணிதத் துறை மாணவன், வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்பதோடு சரி, வாய் திறக்காதவன், உதவித்தொகை வராதவர்களின் தாள்களை எல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டான். முகாம் முடிந்த பிறகு சனிக்கிழமைகளில் ஊருக்கும், வகுப்பில்லாத நேரங்களில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குமாகப் பேருந்தில் அலைந்தான். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம்தான் மனு போக வேண்டும் என்பதை எனக்கே அவன்தான் சொன்னான். பலருக்கு ஆதாரில் ஒரு வயது, குடும்ப அட்டையில் ஒரு வயது. சிலருக்கு மகன் பெயரில் நிலம் இருந்தது, ஆனால் மகன் சோறு போடவில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று என்னிடம் கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

சிலருக்குக் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு வந்தான், அது யாரும் செய்வது. கிடைக்காதவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், இன்ன காரணத்தால் தள்ளுபடி ஆகிவிட்டது, மேல்முறையீடு செய்ய விரும்பினால் இன்னது வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தான். நான் இத்தனை ஆண்டுகளில் பார்த்த மாணவர்களில் கெட்ட செய்தியை எடுத்துக்கொண்டு தானாகத் திரும்பிப் போனவர்கள் மிகச் சிலரே. ஆளுமை வளர்ச்சி என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் அதைத்தான் சொல்வேன். மேடையில் பேசக் கற்றுக்கொள்வதை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதற்குப் பேச்சுப் போட்டியே போதும்.

பொருநை:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன திரும்பிப் போதலை நான் வேறு வழியில் கண்டேன்.

எங்கள் முகாம் நடந்த ஊரில் அந்தச் சமயம் கிராம சபைக் கூட்டம் வந்தது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்தநாள் ஆகியவற்றோடு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 என்று இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூட்டுகிறார்கள். எங்களைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே சபையின் உறுப்பினர்கள் என்பதால் எங்களுக்கு அங்கே பேச இடமில்லை, நாங்கள் பார்வையாளர்கள் மட்டும். கூட்டம் தொடங்கும் முன்பே பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையில் வந்து கைநாட்டோ கையெழுத்தோ வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினார்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும் என்பது குறைவெண் வரம்பு. வரம்பு நிரம்பியது. ஆனால் தீர்மானங்கள் படிக்கப்பட்டபோது பந்தலில் இருந்தவர்களை ஒரே பார்வையில் எண்ணிவிடலாம்.

பேச முடியாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான், எனக்குப் பேச உரிமையுள்ள சபை ஒன்று இருக்கிறது, அதற்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை என்பது உறைத்தது. அடுத்து வந்த விடுதலை நாளன்று எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். இங்கேதான் உண்மையான சிரமம். முகாம் ஊரில் தலைவர் யாரோ ஒருவர், எங்கள் ஊரில் அவர் எனக்குப் பெரியப்பா முறை. ஊராட்சிச் செயலர் என் அண்ணனின் நண்பர். ஆண்டு வரவு செலவை மக்கள் பார்வைக்கு வைக்கும் படிவம் 30-ஐ ஒருமுறை நிறுத்திப் படியுங்கள் என்று கேட்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடக் கூடாது, கெஞ்சுவதுபோலவும் ஆகிவிடக் கூடாது. "பெரியப்பா, தொட்டி கழுவுவதற்கும் பிளீச்சிங் பவுடருக்கும் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அலுவலரான பற்றாளர் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். பெரியப்பா கோபப்படவில்லை. செயலரைப் படிக்கச் சொன்னார். தொகை சொல்லப்பட்டது.

மேல்நிலைத் தொட்டியின் தூணில் கடைசியாகக் கழுவிய தேதியை எழுதி வைப்பார்கள். எங்கள் ஊர்த் தொட்டியில் இருந்த தேதி பல மாதங்கள் பழையது, எண்கள் பாதி உதிர்ந்துவிட்டன. கூட்டம் முடிந்த மறு வாரம் புதுத் தேதி எழுதப்பட்டது. தொட்டி கழுவப்பட்டதா, தூணுக்கு வண்ணம் மட்டும் அடிக்கப்பட்டதா என்று என் அம்மா கேட்டார். அதை அடுத்த கூட்டத்தில் நீயே வந்து கேள் அம்மா என்றேன். அம்மா இதுவரை வரவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுச் சித்தி வந்தார், தெருவிளக்கைப் பற்றிக் கேட்டார்.

வீட்டில் அப்பா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பெரியப்பாவைச் சபையில் வைத்துக் கேட்டுவிட்டாயே என்ற வருத்தம். மூன்றாம் நாள் அவரே, அந்தப் படிவத்தில் வேறு என்னவெல்லாம் இருக்கும் என்று விசாரித்தார்.

பிள்ளையைப் பெற்றவன்:

இந்த விவாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். என் மகளும் கல்லூரியில் படிக்கிறாள். படிப்பு கெடுகிறது என்பதைவிட, முகாமில் ஏழு இரவு வெளியூரில் தங்குவதும், ஊர் வம்பில் தலையிட்டுப் பெயர் கெடுவதும்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கவலை. அந்தப் பெண்ணின் அப்பா ஏன் இரண்டு நாள் பேசாமல் இருந்தார் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. நாளைக்குக் காது குத்து, கல்யாணம் என்று அதே பெரியப்பா வீட்டில்தான் போய் நிற்க வேண்டும். கேள்வி கேட்பது தவறு என்று சொல்லவில்லை. அதன் விலையைப் பிள்ளை மட்டும் கொடுப்பதில்லை, குடும்பமும் சேர்ந்து கொடுக்கிறது என்பதை ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

பாகம் 112:

நான் அங்கன்வாடிப் பணியாளர், கூடுதலாக வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பார்க்கிறேன். கல்லூரிப் பிள்ளைகள் கட்டுக்கட்டாகப் படிவம் கொண்டுவந்து தரும்போது எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பாதிப் படிவங்களில் பிறந்த தேதிக்கான ஆவணம் இருக்காது. புகைப்படம் கைபேசியில் எடுத்து அச்சிட்டதாக, முகம் தெரியாததாக இருக்கும். ஏற்கெனவே ஊரில் பெயர் உள்ளவர் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8 கொடுக்க வேண்டும், அதற்குப் பதில் புதிதாகப் படிவம் 6 கொடுத்துவிடுவார்கள். பிறகு இரட்டைப் பதிவு என்று எங்களுக்குத்தான் அலைச்சல். பேரணி நடத்தும் நேரத்தில் பத்துப் பிள்ளைகளை என்னோடு தெருவுக்கு அனுப்புங்கள் என்று ஒருமுறை கல்லூரியில் கேட்டேன். அனுப்பினார்கள். இறந்தவர் பெயர் பட்டியலில் இருப்பதை ஒரு மாணவி கண்டுபிடித்துவிட்டு, உற்சாகமாக அந்த வீட்டுத் திண்ணையில் நின்று உரத்த குரலில் பெயரைப் படித்தாள். உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மா அழுதுகொண்டே வெளியே வந்தார். அதற்கு அடுத்த வீட்டிலிருந்து அவள் பெயரைப் படிக்கவில்லை, "இந்த வீட்டில் இப்போது யாரெல்லாம் இருக்கிறீர்கள் அம்மா?" என்று மட்டும் கேட்டாள். இதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கூர்நோக்கு:

பொருநையும் பாகம் 112 அவர்களும் எழுதியவற்றைப் படித்த பிறகு, தற்செயல் என்று நான் முன்னால் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். தற்செயலுக்கும் ஒரு வாசல் வேண்டும், அந்த வாசலைத் திட்டம் திறக்கிறது, இதுவரை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஊராட்சியைக் கேட்கலாம், வட்டாட்சியர் அலுவலகத்தைக் கேட்கலாம். உங்கள் கல்லூரியை என்றாவது கேட்டதுண்டா? அங்கேதான் வருகைப்பதிவும் அக மதிப்பெண்ணும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கின்றன.

பொருநை:

ஒருமுறை கேட்டோம். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் நூலகம் மாலை நாலரைக்கு மூடப்படும். வகுப்பு முடிவது மூன்றரைக்கு. விடுதி மாணவிகள் அறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் நூலகர் சன்னல்களைச் சாத்திக்கொண்டிருப்பார். பல ஆண்டுகளாக இதை எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் முதலில் செய்தது, யாரெல்லாம் மாலையில் நூலகத்தைப் பயன்படுத்துவார்கள், எந்தக் கிழமைகளில், எதற்காக என்று விடுதியில் கேட்டு எழுதியதுதான். முகாமில் பழகிய கணக்கெடுப்பு அங்கே கைகொடுத்தது. கேட்டுப் பார்த்தால், எல்லா நாளும் வேண்டும் என்றவர்கள் குறைவு. செய்முறை வகுப்பில்லாத இரண்டு நாட்களில் ஏழு மணி வரை திறந்திருந்தால் போதும் என்றவர்களே அதிகம்.

கடிதம் எழுதியபோது முதல் வரைவில் ஆறு கோரிக்கைகள் இருந்தன, விடுதிச் சாம்பார் உட்பட. இறுதியில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்தோம். கடிதத்தின் நகலில் அலுவலகத்தில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் கேட்டோம். எழுத்தர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உள்ளுக்குள்ளேயே இதெல்லாம் எதற்கம்மா?" என்றார். அரசு அலுவலகத்தில் இப்படித்தானே சார் வாங்குகிறோம் என்றதும் முத்திரை குத்தினார். யார் உங்களைத் தூண்டிவிட்டது என்ற விசாரணையும் மேலிடத்தில் நடந்தது. அதற்கு நாங்கள் கணக்கெடுத்த தாளைத்தான் நீட்டினோம். நாட்களும் நேரமும் எண்ணிக்கையும் இருந்த அந்தத் தாளைப் பார்த்த பிறகு, தூண்டியவர் யார் என்ற பேச்சு மெல்ல நின்றது.

இப்போது வாரம் இரண்டு மாலை நூலகம் திறந்திருக்கிறது, மாணவிகளில் இருவர் முறை வைத்து நூலகருக்கு உதவ வேண்டும் என்ற நிபந்தனையோடு. மாணவர் பேரவைத் தேர்தல் பற்றி இரண்டாவதாக ஒரு கடிதம் கொடுத்தோம். அதன் நகலிலும் முத்திரை இருக்கிறது. பதில் மட்டும் வரவில்லை. எனவே உங்கள் முரண் அப்படியே நிற்கிறது, அதை நான் மறைக்க விரும்பவில்லை.

அடையாற்றங்கரை:

வேறொரு கோணம். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நீர் அடையாற்றில் வந்து சென்னை மூழ்கியபோது நான் இரண்டாமாண்டு மாணவன். எந்தத் திட்டமும் எங்களைக் கூப்பிடவில்லை, எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்திடவில்லை. கல்லூரிக் கூடத்தில் பால் பவுடரையும் போர்வையையும் பிரித்து அடுக்கி, எந்தத் தெருவுக்கு என்ன வேண்டும் என்று முகநூலிலும் வாட்ஸப்பிலும் கேட்டுக் கேட்டு அனுப்பினோம். 2017 சனவரியில் மெரினாவில் கூடிய மாணவர்களையும் யாரும் பட்டியல் போட்டு அழைக்கவில்லை. தேவை வந்தால் மாணவர் தாமாகவே வருவார்கள் என்பதற்கு இவையே சான்று. 240 மணி நேரம் என்று அளந்து கொடுக்கும்போதுதான் அது சடங்காகிவிடுகிறது.

முன்னாள் திட்ட அலுவலர்:

வெள்ளத்தின்போது நீங்கள் செய்ததை எந்தத் திட்டமும் செய்திருக்காது, அதில் ஐயமில்லை. ஆனால் நீர் வடிந்த பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். வீடிழந்து மறுகுடியமர்வுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் பள்ளி மாற்றத்துக்கு அலைந்தபோது, சான்றிதழ் நனைந்து போனவர்கள் நகல் கேட்டு வரிசையில் நின்றபோது, அந்தக் கூடத்தில் எத்தனை பேர் மீதமிருந்தீர்கள்? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, தேர்வு வந்திருக்கும். பெருந்துன்பத்தில் ஓடி வருவதற்கு நம் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பத்தாவது முறையாக அதே அலுவலகப் படியேறுவதற்குத்தான் ஏதாவது ஓர் அமைப்பு பின்னால் இருக்க வேண்டியிருக்கிறது. பிள்ளையைப் பெற்றவன் சொன்ன விலையைப் பகிர்ந்துகொள்ளவும் அப்படி ஒன்று தேவை. தனியாக ஒரு பெண் கேட்டால் அது திமிர் என்பார்கள், அணியாகப் போய்க் கேட்டால் கல்லூரியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்பார்கள்.

அடையாற்றங்கரை:

உண்மையைச் சொன்னால் நான்கைந்து பேர்தான் மீதமிருந்தோம். அவர்களில் இருவர் என்.எஸ்.எஸ்.காரர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

புதுமுகம்:

வணக்கம். நான் இந்த ஆண்டுதான் இளங்கலை வரலாறு சேர்ந்திருக்கிறேன். எங்கள் கல்லூரியில் விண்ணப்பப் படிவம் கொடுத்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். கூட்டத்தில் பேசவே எனக்கு வராது, ஊரும் தூரம், வீட்டில் வெளியூர் முகாமுக்கு விடுவார்களா என்பதும் தெரியவில்லை. சேரலாமா?

பொருநை:

சேருங்கள். கூச்சம் எனக்கும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. முகாம் பெரும்பாலும் இரண்டாமாண்டில்தான் வரும், அணியில் பாதிப் பேருக்குத்தான் இடம், அதனால் அதை இப்போதே வீட்டில் பேசிச் சண்டை வளர்க்க வேண்டாம். உங்கள் திட்ட அலுவலரிடம் இரண்டு செய்திகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: தத்தெடுத்த ஊர் எது, எத்தனை ஆண்டுகளாக அதே ஊருக்குப் போகிறார்கள். ஆண்டுதோறும் ஊரை மாற்றுகிறார்கள் என்றால் சேர்ந்த பிறகு ஏன் என்று கேளுங்கள். பேரணி நாட்களில் சலிப்பாகத்தான் இருக்கும், பதாகையைப் பிடித்துக்கொண்டு நடங்கள், தவறில்லை.

உங்களுக்குப் பதினேழு வயது முடிந்திருந்தால் படிவம் 6-ஐ இப்போதே இணையத்தில் பதிவு செய்துவிடலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழும் ஆதாரும் பக்கத்தில் இருக்கட்டும். புகைப்படத்தைக் கடையில் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாகம் 112 அக்காவைப் போல் யாராவது உங்களைத் தேடிக்கொண்டு விடுதி வரை வர வேண்டியிருக்கும்.

பாகம் 112:

வருவேன். ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல்தான் வர முடியும், அதுவரை அங்கன்வாடியில் குழந்தைகள் இருப்பார்கள்.